போகும், போகாது

கணபதியில் பம்பு ஷாஃப்ட் கடையும் பட்டறையில்
பதினோரு வருஷமாக நான் அளந்து பார்க்கிறவள்.
போகும் கேஜ் போக வேண்டும்.
போகாது கேஜ் போகவே கூடாது.
எனக்குத் தெரிந்த வேதாந்தம் இவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை, கரண்ட் போன நேரத்தில்
சினிமாக் கம்பெனி எட்வின் வந்தார்,
தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றிய ஆறு ரிவால்வரோடு.
அசல் இல்லை, அசல் மாதிரி.
வெள்ளைக்காரன் காலத்துப் படமாம்,
ஆழியாறுக்குப் பக்கம் ஷூட்டிங்.
"தோட்டா இல்லீங்க, வெறும் கரிமருந்து.
புகை வரோணும், அவ்வளவுதான்.
ஒண்ணு மட்டும் கொஞ்சம் ஆடுது."

தினசரியை விரித்து மேசையில் வைத்து
முதலில் ஒவ்வொன்றும் காலியா என்று பார்த்தேன்.
பிறகு இன்னொரு தரம் பார்த்தேன்.
என் கை நடுங்கியதை எட்வின் கவனிக்கவில்லை.
மைக்ரோமீட்டர் கவனித்தது.

உருளைக்கும் குழலுக்கும் நடுவே
மெல்லிய இலை போகலாம், தடித்தது போகக் கூடாது.
நான்காவதில் தடித்த இலையும் போயிற்று,
அதைவிடத் தடித்ததும்,
ஆளில்லாத வீட்டுக்குள் பூனை போகிறாற்போல.
குழலைப் பிடித்திருக்கும் ஆப்பை ஒரு தட்டுத் தட்டினால்
உருளை சுற்ற மாட்டேன் என்கிறது.
இளக்கினால் குழலே தலையாட்டுகிறது.
பூட்டு விழும்போது
அறையின் வாயும் குழலின் வாயும்
முகம் பார்க்காமல் உட்கார்ந்திருக்கின்றன,
வழக்குப் போட்ட பங்காளிகள் ஒரே பந்தியில்.

கேப்பு வேறு தொளதொள.
தீபாவளிக் கேப்பு இல்லை, செம்பில் செய்த குட்டித் தொப்பி.
யாரோ விரலால் நசுக்கி நசுக்கிச் செருகியிருக்கிறார்கள்,
டப்பாவில் பாதி கோணல்.
ஒரு பொறி பக்கத்து அறைக்குத் தாவினால் போதும்,
ஒன்றைக் கூப்பிட
ஆறும் "ஏனுங்க" என்று எழுந்து வரும்.

ராக்கியண்ணன் முதலாளி. வாசலில் இருந்தே சொன்னார்:
"சித்தெ அரம் போட்டுக் குடுத்துரு துளசிமணி,
ஒரே ஷாட்டுத்தானாமா."
அரம் எடுக்கும் அண்ணா, கொடுக்காது.

எட்வின் போனில் போஸைக் காட்டினார்.
வலக்கை பிடியில்.
இடக்கை உருளைக்கு முன்னால், குழந்தையை அணைத்த மாதிரி.
"இந்தக் கை யாரோடதுங்க?"
"ஹீரோவுக்கு மரத்துல செஞ்சது இருக்குதுங்க.
இது டூப்பு. உடுமலைப் பையன், நாளுக்கு எண்ணூறு."

தோட்டா இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன,
தீ இடுக்கு வழியாகப் பக்கவாட்டில்தான் வரும்.
அந்த வழியில்
எண்ணூறு ரூபாய்க்கு ஒரு இடக்கை.

சிவப்புச் சீட்டை எடுத்தேன்.
'தள்ளுபடி' என்று எழுதினால்
ஆடி மாசத்துச் சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்வார்கள்.
'ரிஜெக்ட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு
நூலால் முடிந்தேன்.
மற்ற ஐந்தையும் துப்பாக்கி தெரிந்தவர் பார்க்கட்டும்,
எனக்குப் பம்புதான் தெரியும் என்றேன்.
எட்வின் சிரித்தார். துண்டை மடித்துக்கொண்டு போனார்.
நூல் எவ்வளவு தாங்கும்?

வியாழன் பொழுதோட, ஷிஃப்ட் விடுகிற நேரம்,
எக்ஸெல் வண்டியில் ஒருத்தன் கேட்டுக்கு வெளியே.
இருபது வயசு இருக்கும். மீசை ஒட்டிய பசை இன்னும் காயவில்லை.
"வேன் டிரைவர் சொன்னாருங்க அக்கா.
சீட்டக் கழட்டிட்டாங்க.
ஆறும் ஒரே மாதிரி இருக்குது.
அது எதுங்க?"

ரெஜிஸ்டரைப் புரட்டினேன்.
பிடிக்கு அடியில் இருந்த நம்பர், கடைசி இரண்டு இலக்கம்: 37.
எழுதிக்கொள்ளக் காகிதம் தேடினான்.
பிறகு கையை நீட்டினான்.
இடக்கை.

இரும்பில் எழுதும் மார்க்கரால் உள்ளங்கையில் எழுதினேன்.
ஊதிப் பார்த்தான்.
"வேர்த்தாப் போயிருமாங்க?"

போகாது என்றேன்.