சென்ற ஆண்டுபோலவே

லீக் ஆபீஸ் படிவத்தில் ஏழாவது கேள்வி:
சொந்த மைதானம்?
'சென்ற ஆண்டுபோலவே' என்று எழுதுகிறேன்.
சென்ற ஆண்டுப் படிவத்திலும் அதுதான், என் கையெழுத்து.
அதற்கு முந்தையது தெய்வசிகாமணி அண்ணன் கையெழுத்து.
அதற்கும் முன்னால் கார்பன் தாளில் நீலம் பூத்த ஓர் இனிஷியல்.
பீரோவின் அடித்தட்டு வரை போய்ப் பார்த்தேன்.
எழுபத்தொன்றில் யாரோ முழுசாக எழுத ஆரம்பித்திருக்கிறார்கள்:
'கூட்ஸ் ஷெட் மதிலுக்கு வடக்கே, புளிய'
மிச்சத்தைக் கரையான் வாசித்துவிட்டது.

அந்த இடத்தில் இப்போது கன்டெய்னர்கள், ஐந்தடுக்கு.
மீட்டர் ரீடிங் எடுக்க உள்ளே போவேன்.
வாட்ச்மேன் பார்க்காத நேரம்
கார்னர் இருந்திருக்கும் என்று ஒரு மூலையில்
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருக்கிறேன்.
ஆயில்தான் ஒட்டியது.

பெயர் வைத்தவர் ஃபயர்மேன் ஆஸ்வால்ட் ரெபெய்ரோ.
சீமையில் ஏதோ மில்லுக்கார ஊரில்
கடைசி டிவிஷனில் தோற்றுக்கொண்டிருந்த ஒரு டீமின் வால் பெயரை
பொட்டலம் மடித்த பேப்பரில் படித்துப் பிடித்துப்போய்
சால்ட் கோட்டர்ஸ் வாண்டரர்ஸ் என்றார்.
மூட்டை தூக்குகிறவர்கள் வாயில்
ஒரே வாரத்தில் அது 'வாண்டுங்க' ஆனது.
ரெபெய்ரோ பெர்த்துக்குக் கப்பல் ஏறினார்.
பெயர் ஏறவில்லை.

பாதி சிவப்பு, பாதி பச்சை எங்கள் ஜெர்சி.
கார்டு ஆட்டும் கொடித்துணி,
ஸ்டோர்ஸில் காணாமல்போன இரண்டு பண்டல்.
மூன்று துவையலில் ஒன்றையொன்று தின்று சேற்று நிறமாகும்.
புதுசில் மட்டும் யாரோ போல இருப்போம்.

ஒரே ஒருமுறை இரண்டாம் டிவிஷனுக்கு ஏறினோம்.
பதினோரு மாதம்.
இறங்கிய ஆட்டத்தின் பெனால்டியை
எட்வின் ராஜ் வெளியே அடித்தான்.
காசிமேட்டில் மீன் வெட்டிக்கொண்டே இன்றும் சொல்வான்:
'காத்துக்கா அது, காத்து.'
அன்றைக்குக் காற்றே இல்லை.
கோடு போட்ட கோலமாவு அப்படியே கிடந்தது.
நான் எதுவும் சொல்வதில்லை,
வஞ்சிரத்தில் ஒரு துண்டு கூடுதலாக வைப்பான்.

மாசியில் டைல்ஸ் கம்பெனிக்காரர் வந்தார்.
பதினெட்டுப் பேருக்கும் ஷூ, போக வர வேன், மதியம் முட்டை.
பெயரை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.
இர்ஃபான் சலூன் ஷட்டரைப் பாதி இறக்கிக்
கூட்டம் போட்டோம்.
'பேரு என்னாக்கா, சோறா போடுது?' என்றான் லெனின்பாபு.
நியாயம்தான்.
அவன் ஷூவிலிருந்து கட்டைவிரல்
வெளியே வந்து ஆமாம் என்றது.
'எங்கப்பன் கையில பச்ச குத்தினுகீறான், அத்த இன்னா பண்றது?'
என்றான் கோல்கீப்பர் நாதமுனி.
யாரோ சிரித்தார்கள். யாரோ சிரிக்கவில்லை.
கைதூக்கச் சொன்னேன்: ஒன்பது, ஒன்பது.
கண்ணாடியில் பதினெட்டு முகமும் என்னையே பார்த்தன.
ஒருநாள் டயம் கேட்டேன்.
மூன்று வாரம் ஆகிறது.

இன்று மாலை ஐந்துக்குள் படிவம் போய்ச் சேரணும்.
ஏழாவதை முடித்துவிட்டேன், எட்டு, ஒன்பது, முத்திரை.
முதல் கேள்வி காலியாக இருக்கிறது.

விடியலில் பிராக்டீஸ் பார்க்கப் போயிருந்தேன்.
மேம்பாலத்துக்கு அடியில், எண்ணூர் ரோட்டோரம்,
தூங்கும் இரண்டு டிரெய்லர்களின் இடைவெளிதான் கோல்.
லெனின்பாபு இடதுகாலில் தூக்கி அடித்தான்.
பந்து வளைந்து இறங்கும்போது
ஒரு போஸ்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு
ஸ்டார்ட் ஆகிக் கிளம்பியது.
'கோலா இல்லையாக்கா?' என்று கத்தினான்.
நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்க,
பந்தும், நாதமுனியும், மொத்த டீமும்
போஸ்ட்டின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள்,
துறைமுகம் பக்கமாக.