கத்தரித்த அட்டை

டோக்கன் நாற்பத்தாறு.
வீரபுத்திரன், சாரம் கட்டுகிறவர்,
சோஹார் துறைமுகத்துப் பக்கம் வேலை.
நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார்,
முழுதாய் உட்கார்ந்தால்
அதற்கும் பில் போட்டுவிடுவார்கள் என்பதுபோல.

"தொண்டை எரியுது டாக்டர்.
ஸ்ட்ராங்கா ஒண்ணு எழுதிக் குடுங்க."

வாயைத் திறக்கச் சொன்னேன்.
சிவப்பு. சீழ் இல்லை.
கழுத்தில் நெறி கட்டவில்லை.
மூக்கு ஒழுகுகிறது, நல்லது.
இருமலும் இருக்கிறது, அதுவும் நல்லது.
இதில் என்ன நல்லது என்று
என் முகத்தைப் பார்த்தார்.

இது வைரஸ்,
ஆன்டிபயாடிக்குக்கும் இதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது,
தானாய் வந்தது தானாய்ப் போகும் என்றேன்.
அதைச் சொல்லவா ஆறு ரியால் என்று
அவர் கேட்கவில்லை.
சட்டைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்
ஒரு துண்டு அட்டை.

இரண்டே குமிழ்கள்.
கத்தரிக்கோலால் நறுக்கியது.
மருந்தின் பெயரில்
'சிலின்' மட்டும் மிச்சம்.
தில்பகதூர் லீவு முடிந்து வரும்போது கொண்டுவந்தானாம்.
பத்து மாத்திரை, அறையில் ஐந்து பேர்,
ஆளுக்கு இரண்டு.
பிரியாணிக்குக் காசு பிரிப்பதுபோல
அத்தனை நியாயமாய்.
"எல்லாருக்கும் கேட்டுச்சு டாக்டர்.
இது என் பங்கு. பத்துமான்னுதான் தெரியல."

கேட்டுச்சு.
நம் மொழியில் நோய்க்குக் காது உண்டு.
பாதி மட்டும் கேட்ட கிருமி
குரலை அடையாளம் வைத்துக்கொள்ளும்,
அடுத்த முறை கூப்பிட்டால்
திரும்பிப் பார்க்காது.

போன மார்ச்சில், லாரி ஓட்டும் கையூம்.
சிறுநீர்க் கல்ச்சர் ரிப்போர்ட்டில்
மருந்துப் பெயர்களுக்கு எதிரே
ஆர், ஆர், ஆர்,
பதினோரு தடவை ஆர்.
கடைசி வரியில் ஒரே ஒரு எஸ்.
அந்த மருந்து மஸ்கட்டிலிருந்து வர வேண்டும்,
இருநூறு கிலோமீட்டர்.
வந்து சேர்ந்தபோது வெள்ளிக்கிழமை மாலை.
அதற்குமேல் அதை இங்கே எழுத மாட்டேன்.

நானும் எழுதிக் கொடுத்தவள்தான், இல்லை என்று சொல்லவில்லை.
மறுக்க ஏழு நிமிடம்,
எழுத ஏழு நொடி,
கதவுக்கு வெளியே முப்பது டோக்கன்,
மாதக் கடைசி மீட்டிங்கில்
என் பெயருக்கு எதிரே இரண்டரை நட்சத்திரம்.

அட்டையைத் திரும்ப எடுத்தபடி
மெதுவாய்ச் சொன்னார்:
"வெறுங்கையோட போனா
ஃபோர்மேன் நம்ப மாட்டான் டாக்டர்.
மருந்துப் பை இருந்தாத்தான் அவனுக்கு அது சீக்கு."

ஆக, மாத்திரை தொண்டைக்கு இல்லை.

லீவு படிவத்தை இழுத்தேன். மூன்று நாள்.
முத்திரையை இரண்டு தடவை
அழுத்திக் குத்தினேன்.
காய்ச்சல் வந்தால், மூச்சு முட்டினால்,
எச்சில் விழுங்க முடியாவிட்டால்
டோக்கன் இல்லாமலே உள்ளே வாருங்கள் என்றேன்.
பாராசிட்டமால், கொப்பளிக்க உப்பு.
மருந்தகத்து ஷைனிக்குப் போன் போட்டு
இருப்பதிலேயே பெரிய பையில் கொடு என்றேன்.
சிரித்தாள்.
எவ்வளவு பெரிசு டாக்டர் என்றாள்.

துண்டு அட்டையைத் தரச் சொல்லிக் கேட்டேன்.
தரவில்லை.
தலையாட்டினார், நன்றி சொன்னார்,
பையில் போட்டுக்கொண்டே போனார்.

டோக்கன் நாற்பத்தேழு.
ரய்யா, வயது ஒன்றரை.
இரண்டு காதிலும் செவிப்பறை வீங்கிச் சிவந்து,
பின்னால் மஞ்சளாய்ச் சீழ்.
அவள் அம்மா எதுவும் கேட்கவில்லை.
நான் எழுதினேன்,
பத்து நாள்,
முழு பாட்டில்.