அரை அங்குலம்

லாங் பஜாரில் சட்டம் போடுகிறவன் நான்.
நவநீதம் வரைந்த முகங்களை
அங்குலக் கணக்கில்தான் தெரியும் எனக்கு.
ஆரணி அரிசி மில்காரர், முப்பதுக்கு நாற்பது.
கண்டக்டர் ஏகாம்பரத்தின் செத்துப்போன மகள்,
பத்துக்குப் பன்னிரண்டு.
கண்ணாடி வேண்டாம் என்றுவிட்டார்,
தொட்டுப் பார்க்கணுமாம்.

அதற்கு முன்னால் குடியாத்தத்தில்
பீடிக்கட்டு லேபிள் வரைந்தாள், பதினோரு வருஷம்.
இரண்டு விரல் அகலத்தில் சிங்கம்.
கட்டைவிரல் நகத்தில் அடங்கும் குழந்தை.
‘போலிகளைக் கண்டு ஏமாறாதீர்’ என்ற வரிக்கு மேலே
முதலாளியின் தகப்பனார், தலைப்பாகையோடு.
அச்சுக்கல்லில் எல்லாமே இடம் வலம் மாற்றி.
நாம் பேசுகிற வேகத்தில்
எழுத்தைத் தலைகீழ்ப் பக்கமாக எழுதுவாள்.
தீப்பெட்டிக்கு ஒரு கிளி, ஏழு ரூபாய்.
அது எத்தனை ஊர் அடுப்புக்குப் பறந்ததோ.
அவள் பேர் எதிலும் இல்லை.
“போட எடம் எங்க இருந்துச்சு?” என்பாள்.

எழுபத்தொன்பதில் ஒரு மரப்பெட்டியோடு வந்து
என் கடை மாடியை வாடகைக்குக் கேட்டாள்.
“மொகம் வரையப் போறேன் ஷபீர். பெரிசா.”

பெரிசு முதலில் வரவில்லை.
முப்பது அங்குலத் துணியின் நடுவில்
லேபிள் அளவில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார்,
சுற்றிலும் பழுப்பு, மே மாதத்துப் பாலாறு.
சட்டத்தை உள்பக்கம் அகலமாக்கி
நான் ஒப்பேற்றினேன்.

கை பழகியது. பழைய பிசகு மட்டும் போகவில்லை.
மில்காரரின் வலக்கன்னத்து மச்சம்
படத்தில் இடப்பக்கம் ஏறிவிட்டது.
மகன்கள் கத்தினார்கள், எடுத்துப்போ என்றார்கள்.
மில்காரர் வெகுநேரம் பார்த்தார்.
“சரியாத்தான் இருக்கு.
தெனம் ஷேவ் பண்றப்ப நான் பாக்குற ஆள் இவன்தான்.”
அந்தப் படத்தின் பாதிப் பணம்
இன்னும் வரவேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில்
வங்காளிகள் தங்கும் லாட்ஜ்.
அங்கிருந்து வந்தார் நிதாய், கண்ணில் பஞ்சு.
பர்த்வானில் தபால் ஆபீஸ் வேலை.
சோறு, மீன், எவ்ளோ, போதும்:
நாலு தமிழ்ச் சொல், மிச்சம் சைகை.
இடக்கண்ணை எடுத்துவிட்டார்கள்.
மாற்றுக்கண்ணுக்கு விழி வரைகிறவள்
பிரசவ லீவில் போயிருந்தாள்.
டெக்னீஷியன் விசாரித்து விசாரித்து
என் மாடிப்படி ஏறினார்.

மூன்று நாள்.
ஜன்னலோர ஸ்டூலில் அவர்,
முழங்காலில் முழங்கால் இடிக்க இவள்.
லேபிள் காலத்து ஒற்றைமயிர்த் தூரிகை.
கண்ணைக் கருப்பு என்று நினைத்திருந்தேன் நான்.
மேல்படி நின்று எட்டிப் பார்த்தால்
தேன், துருவேறிய ஆணி,
ஊறவைத்த புளி,
நடுவே ஊசிமுனையளவு பச்சை.
வெள்ளையில் ஓடும் நரம்புக்கு
ஆரணிப் பட்டின் சிவப்பு இழையைப்
பிரித்துப் பிரித்து ஒட்டினாள்.

வலக்கண்ணைப் பார்த்து இடக்கண்.
இடம் வலம் மாற்றி.
யாரும் கத்தவில்லை.

“சட்டம்?” என்றேன், வழக்கம்போல.
“அவருகிட்டயே இருக்கு” என்றாள்
தன் இமையைத் தொட்டு.

ரயிலுக்கு முன்னால் நிதாய் கடைக்கு வந்தார்.
விற்பனைக்குத் தொங்கிய கண்ணாடி ஒவ்வொன்றிலும்
பார்த்துக்கொண்டே போனார்,
பெரியது, சின்னது, ரசம் போனது.
எது அவள் கண் என்று நானும் பின்னாலேயே போனேன்.
தெருவில் ஒரு லாரி ஹாரன்.
திரும்பினார்.
ஒன்று கொஞ்சம் தாமதமாகத் திரும்பியது.

நோட்டில் எழுதி வைத்தேன்:
நிதாய், அரை அங்குலத்துக்கு அரை அங்குலம்.
சட்டம் இல்லை. பாக்கி இல்லை.

அடுத்த வரி,
வாணியம்பாடி தோல் மண்டிக்காரர்,
நாற்பதுக்கு அறுபது, தேக்கு.
இதுவரை ஒரு காது முடிந்திருக்கிறது.
எந்தக் காது என்று
நான் கேட்கவில்லை.