சிவப்பு அம்புகள்

கோகிலவாணி நிச்சயத்தை முறித்துவிட்டாள்.
அதற்கொரு வாழ்த்து அட்டை
புது பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் இல்லை.
காதுகுத்து இருக்கிறது, அறுபதாம் கல்யாணம் இருக்கிறது,
புதுமனைக்குப் பொன்தாளில் யானைத்தலை இருக்கிறது.
"என்ன விசேசங்க?" என்றார் கடைக்காரர்.
"விசேசம் நின்னு போனதுங்க."
சில்லறை தேடுபவர் போலக் குனிந்துகொண்டார்.

சரி, நானே செய்கிறேனென்று
ராத்திரி ஒன்பதரைக்கு, வேலம்பாளையத்து அறையில்
பையைக் கவிழ்த்தேன்.
சட்டை மடிப்புக்குள் வைக்கும் வெள்ளை அட்டை.
ஓவர்லாக் மிசின் துப்பிய ரிப் நாடா.
ஒரு நீலத்துக்குச் சாயப்பட்டறை அனுப்பிய
பதினோரு மாதிரித் துண்டுகள்,
பதினொன்றும் தன் நீலமில்லை என்று
எந்தக் கடலுக்கப்பாலோ ஒருவன் தலையாட்டியவை.

பூ வெட்டினேன்.
மலர்வளையம் போலிருந்தது.
பறவை வெட்டினேன்.
பல்லடத்துக் கறிக்கோழி ஆனது.
பதினோரு நீலத்தையும் வரிசையாக ஒட்டி
ஆறு என்றேன்.
நொய்யலில் இத்தனை நீலம் ஓடினால்
எந்தப் பட்டறை திறந்துவிட்டது என்றல்லவா கேட்பார்கள்.

பசை தீர்ந்தது.
பக்கத்து அறை ஒடிசாக்காரி மமதா
பழைய சோற்றைப் பிசைந்து கொடுத்தாள்.
ஒட்டுவதற்கு மட்டும் யோசனை இருந்தது,
எதை என்பதற்கு இல்லை.
ஆடிக் காற்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்து
பறவையைக் கட்டிலுக்கடியில் கொண்டுபோனது.
படுத்துவிட்டேன்.

மறுநாள் செக்கிங் டேபிள்.
என் வேலை ஒன்றுதான்:
ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி விட்ட கோடு
கண்ட இடத்தில் ஒரு சிவப்பு அம்பு.
ஒரு நாளைக்கு எண்ணூறு பீஸ்.
கண்ணை மூடினாலும் அம்பு தெரியும்.

கோகிலவாணிக்கும் ஒட்டினார்கள்.
காங்கேயத்திலிருந்து மூன்று முறை காரில் வந்து.
"இன்னொரு சுத்து நெறமா இருந்திருக்கலாம்."
"பல்லு கொஞ்சம் தூக்கல்."
"கம்பெனிக்குப் போற புள்ளைக்கு வாய் நீளுமுங்க."
மூன்றாம் முறை, அவர்கள் காபி குடித்து முடித்ததும்,
"தட்டத்தை நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க" என்றாளாம்.
அவ்வளவுதான் வாய் நீண்டது.

பதினோரு மணி இருக்கும்.
புதிதாய் வந்தவள் எவளோ
ஒரு டீசர்ட்டின் ஓரத்தில் அம்பை
மாற்றி ஒட்டியிருந்தாள்.
துணியைக் காட்டவில்லை அது, வெளியே காட்டியது.
அது போகும் திசையில் போனேன்:
டேபிள்,
டேபிளில் நான் நகத்தால் கீறிய தேதி,
சூபர்வைசர் பொன்னுராசின் டிபன் பாக்ஸ்,
பொன்னுராசு.
"என்ன சிரிப்பு? ஷிப்மெண்ட் இன்னிக்கு."
"ஒண்ணுமில்லீங்க."
ஒரு தாள் ஸ்டிக்கரை மடித்து இடுப்பில் செருகினேன்.

அன்று ராத்திரி கை தயங்கவில்லை.
வட்டமாய் ஒரு சாம்பல் நிறத் துணி,
குறைகளும் நூல்முடிச்சும் இருந்தபடியே.
அதைச் சுற்றி இருபத்திரண்டு அம்புகள்,
எல்லாம் வெளியே பார்த்து.
மமதா எட்டிப் பார்த்துச் சூரியன் என்றாள்.
இருக்கட்டும்.

உள்ளே என்ன எழுதுவது?
'பாஸ்' என்ற பச்சை ஸ்டிக்கர் கையிலிருந்தது.
எடுத்தேன், உரித்தேன்,
திரும்ப அதன் தாளிலேயே ஒட்டிவிட்டேன்.
அவளைப் பாஸ் போட நான் யார்.
ஓரத்தில் என் செக்கர் நம்பர் மட்டும்:
பதினேழு.

ஞாயிற்றுக்கிழமை, அனுப்பர்பாளையம் பேக்கரி,
தேங்காய் பன் ஒன்று, டீ இரண்டு.
அட்டையை ரொம்ப நேரம் பார்த்தாள்.
சோற்றுப்பசை காய்ந்து ஒரு அம்பு உதிர்ந்து
டீ கிளாசுக்குப் பக்கத்தில் விழுந்தது.
அதை விரல்நுனியில் எடுத்து
மேலும் கீழும் என்னைப் பார்த்து
என் மூக்கில் ஒட்டினாள்.
"உன்ர மூக்கு வளைஞ்சிருக்குது புள்ள."

சிரித்தாள்.
பல் தூக்கல்தான்.
பேக்கரிக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச்
சிரித்தாள்.