அட்டையின் பின்பக்கம்

திங்கட்கிழமை ஷட்டரைத் தூக்கினேன்.
பக்கத்துக் கடை பேரிங்காரனிடம்தான்
பெத்தணனின் இன்னொரு சாவி எப்போதும்.

சுற்றி முடித்த மோட்டார்கள் பதினொன்று.
ஒவ்வொன்றின் கழுத்திலும் சணலில் ஓர் அட்டை:
'பேரையூர். அஞ்சு எச்.பி. முந்நூறு பாக்கி.'
திருப்பினால்,
'காலிறுதி. 31–34 தோல்வி.
நடுவருக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணணும்.'

சிம்மக்கல் முழுக்கத் தேடினாலும்
இப்படிக் கணக்கெழுதும் வைண்டிங் கடை கிடைக்காது.

அவர் ஆடியதே இல்லை. இடது கால் கட்டை.
ஆனால் வெள்ளிமலை பிரதர்ஸ்
எந்த ஊரில் இறங்கினாலும்
வார்னிஷ் வாடையோடு டி.வி.எஸ். ஐம்பதில் போய்
கோட்டுக்கு ஓரடி தள்ளி நிற்பார்.
பத்தொன்பது வருஷம். கோப்பை கிடையாது.
ஒரே ஒருமுறை மூன்றாம் பரிசாக எவர்சில்வர் அண்டா.
அதில் பையன்கள் பிரியாணி கிண்டியதை
எனக்கு மட்டும் நாற்பது தடவை சொல்லியிருப்பார்.

சக்கிமங்கலத்தில் ஓர் இரவு
விளக்கெல்லாம் போய்விட்டது.
நாலு நிமிஷம் பாக்கி, இரண்டு புள்ளி பின்னால்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஜெனரேட்டரைப் பிரித்துப்போட்டவர் அவர்தான்.
வெளிச்சம் வந்தது. தோற்றார்கள்.

'இருட்டாவே விட்டிருக்கலாமேண்ணே' என்றேன்
மறுநாள் டீக்கடையில்.
கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.
'முடியாத ஆட்டத்துக்கு
அட்டையில என்னத்தடா எழுதுறது?'

வியாழன் மதியம் சரிந்தார்.
பன்னிரண்டாவது மோட்டார் பாதியில் நிற்கிறது,
ஸ்லாட்டுகளிலிருந்து செப்புக்கம்பி வெளியே தொங்க.
நான் தூக்கியபோது விரலிடுக்கில் ஓர் அட்டை.
முன்னால், மேலூர்க்காரர் பெயர், போன் நம்பர்.
பின்னால்,
'ஊமச்சிகுளம். ஞாயிறு ராத்திரி எட்டு. அரையிறுதி.'
அதற்குக் கீழே ஒரு கோடு,
கோட்டுக்குக் கீழே வெற்றிடம்.

கபடியென்றால் எனக்குக் காததூரம்.
ஞாயிறு போனேன்.
போனஸ் புள்ளி என்றால் என்னவென்று
முறுக்கு தின்ற சிறுவனிடம் கேட்டுக்கொண்டேன்.
ஆட்டத்துக்கு முன் ஒரு நிமிஷம் மௌனம் என்றார்கள்.
மைக்கில் அவர் பெயரைப் பெத்தண்ணன் என்று வாசித்தார்கள்.
நடுவில் யாருடைய போனோ அடித்தது.

மேலூர்க்காரர் வந்து
பாதி மோட்டாரை ஆட்டோவில் ஏற்றினார்,
யானைக்கல்லில் வேறு ஆள் பார்க்கிறாராம்.
அட்டையை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

22–40. என் கையெழுத்து கோணல்.
நடுவர் சரியா தப்பா, எனக்குப் பிடிபடவில்லை.
அந்த ஒரு வரிக்கு
இடம் விட்டிருக்கிறேன்.