போறணையின் மிச்சச் சூடு

மூதூர்த் தயிர்ச்சட்டி ஒன்று
நேற்றுக் கடைசி பஸ்ஸில் வந்தது.
மடியில் வைத்துக் கொண்டுவந்தவள் ரிஸ்மியா,
என்னோடு கிளார்க் வேலை.
"சிந்தினது உன்ர கணக்கு" என்றாள்,
அபாயாவில் ஒரு வெள்ளைத் திட்டு.

பழைய வேட்டித் துண்டில் கட்டி
குசினி யன்னல் கம்பியில் தூக்கினேன்.
இரவு முழுக்கச் சொட்டியது.
வெளியே மாரி, உள்ளே தயிர்,
எது எதன் சத்தமென்று பிடிபடாத தூக்கம்.

ரிக்கொற்றா என்பது இதுவல்ல.
எனக்குத் தெரியும். ஜெறோமுக்கு நல்லாகவே தெரியும்.
பலெர்மோவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம்
ஒன்பது வருசமாகக் கோப்பை கழுவுகிறான் தம்பி.
இந்த ஆடியில்தான் அடுப்படிக்கு விட்டார்களாம்.
முதல் செய்த பண்டத்தைக் குரலில் அனுப்பியிருந்தான்,
நாலு நிமிசம் பதினொரு செக்கன்.
அதில் பாதி, பின்னால் யாரோ இத்தாலியில் ஏசுவது.

"தக்காளியை அவிக்காதை அக்கா, வதக்கு.
உள்ளியை வெட்டாதை, நசுக்கு.
பச்சை இலை கடைசியில்."

அந்த இலை!
சந்தையில் கேட்டால் துளசி தந்தார்கள்.
பலூடாவுக்கு வாங்கிய கசகசாவில் ஒரு சிட்டிகையை
பால்மா ரின்னில் தூவினேன், புரட்டாதியில்.
கார்த்திகைக்குள் முழங்கை உயரம்.
பக்கத்து வீட்டு மங்களேஸ் மணந்து பார்த்து
"இது திருநீற்றுப்பச்சையெல்லோ" என்றாள்.
படம் பார்த்து ஜெறோம் எழுதினான்: அதேதான்.
பாதியை மான் தின்றது,
வேலிக்கு மேலால் கழுத்தை நீட்டி,
பஸ் ஸ்டாண்டில் படுத்தெழும்பும் மான்,
ஆரும் அதட்டாத மான்.

என் வீட்டில் இரண்டு அடுப்பு, எரிவது ஒன்று.
ஜமாலியாவில் இஸ்ஸதீன் நானாவின் பேக்கரியில்
விறகுப் போறணை.
நாலு மணிப் பாண் இறக்கிய பிறகும்
செங்கல்லுக்குள் சூடு கிடக்கும்.

"நத்தாருக்குக் கேக் கொண்டு வருவியள்.
இதென்ன பிள்ளை, கறியா?"
"கறியில்லை நானா. தொட்டுத் தின்னிறது."
"பாணுக்கா?"
"பாணுக்கு."
"அப்ப கறிதான்."

மண்சட்டியின் அடியில் சிவப்பு.
நடுவில் மூதூர்.
மேலே சீஸ், ஒரு கட்டி முழுவதும் துருவி,
அதற்கு மேலே இடித்த செத்தல் மிளகாய்,
இது ஜெறோம் சொல்லாதது.

நீட்டுப் பலகையில் வைத்து உள்ளே தள்ளினார்.
கரண்ட் போனது.
தகரத்தில் மழை விழுந்துகொண்டே இருந்தது.
ரோர்ச் அடித்துக் குனிந்து பார்த்த குகதாசன்
"அக்கா, கன்னியாவின்ர எட்டாம் கிணறு!" என்றான்.

வெளியே வந்தபோது
விளிம்பு கறுத்திருந்தது.
நடுவில் ஒரு குமிழ் மெல்ல உப்பி,
எங்களைப் பார்த்துவிட்டு உடைந்தது.
கிள்ளிய இலைகளைப் போட்டேன், உடனே சுருண்டன.

வீட்டுக்குக் கொண்டுபோவதாகத்தான் திட்டம்.
மழை விடவில்லை,
பாண் பக்கத்திலேயே இருந்தது.
குகதாசன் ஒரு றோஸ் பாணைப் பிய்த்தான்.
மாப் பிசைகிற இருவர் கைகழுவி வந்தார்கள்.
ஒதுங்கி நின்ற ஓட்டோக்காரர் வந்தார்,
அவருடைய ஓட்டோவிலிருந்து
நீதிமன்றக் கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பெண்.
அவளுடைய பெயரை யாரும் கேட்கவில்லை,
கோப்பை மாச்சாக்கின் மேல் வைத்துவிட்டு
இரண்டு கையாலும் சாப்பிட்டாள்.
சீஸ் நூல் இழுபட்டு
நானாவின் தாடியில் ஊஞ்சலாடியது.
ருசி என்று ஒருத்தரும் சொல்லவில்லை.
இரண்டாம் துண்டுக்குப் பிறகு நானா மட்டும்:
"கறிக்கு உப்புக் காணும்."

எட்டரைக்கு ஜெறோம் எடுத்தான்,
பின்கதவுப் படியில் குந்தியபடி, ஏப்ரனோடு.
"காட்டு அக்கா."
காட்ட என்ன இருக்கிறது?
வெறுஞ்சட்டியைச் சரித்துக் காட்டினேன்,
சுற்றிவரக் கறுப்பாய் ஒட்டிய வளையம்.

"கழுவிப்போடாதை" என்றான்
ஒன்பது வருசம் கழுவினவன்.
"கரண்டியால சுரண்டு. அதுதான் சாமான்."

சுரண்டினேன்,
சத்தம் அவனுக்குக் கேட்கட்டுமென்று
போனைச் சட்டிக்குள் பிடித்துக்கொண்டு.