ஆடும் கல்

அக்டோபர் மூன்றாம் வாரம்
ஷௌகா மலையடியில் எங்களை இறக்கிவிடுவார்கள்:
நேபாளத்து கட்கா, பெஷாவர்ப் பக்கத்து ஷேர் வலி, நான்,
கம்பெனிச் சொத்து எண் பதினேழு என்று
கழுத்தில் தகடு தொங்கும் கழுதை.
எங்களுக்கும் தகடு உண்டு,
சட்டைப்பைக்குள்.

கடப்பாரை இரண்டு, பிக்காசு மூன்று,
தண்ணீர் கேன் நான்கு,
மஞ்சள் பெயின்ட் ஒரு டப்பா.
மார்ச் கடைசிக்குள் ஒன்பது கிலோமீட்டர்
ஒற்றையடிப் பாதை.

இங்கே மலை கறுப்பு.
தட்டினால் வெண்கலம்போல் ஒலிக்கிற கல்.
பிளக்க நினைத்தால் பிளக்காது.
சும்மா நகர்த்தும்போது
நம் கால் பார்த்துப் பிளக்கும்.

இன்ஜினியர் மௌசா
ஒரு கண்ணை மூடிச் சரிவளந்து
"வெளிப்பக்கம் இரண்டு விரல் சாய்வு, கஸ்பார்" என்பாள்.
பாதையில் விழுகிற நீர்
அது பாதை என்று உணருமுன்
பள்ளத்துக்குப் போய்விட வேண்டும்.
உணர்ந்துவிட்டால்
அதுவும் நடக்கத் தொடங்கிவிடும்.

ஜனவரியில் அப்படித்தான் ஆயிற்று.
அரைமணி நேர மழை.
இந்த ஊரில் வாதி என்றால் காட்டாறு.
வழக்கில் ஜெயித்ததும் அதுதான்.
மூன்று வாரத்து வேலை அடியில் கிடந்தது.
ஷேர் வலி ஒன்றும் பேசாமல் இறங்கி
தன் உளி பட்ட கற்களை அடையாளம் கண்டு
ஒவ்வொன்றாய்த் தோளில் ஏற்றி வந்தான்.
நடுவில் ஒன்றைக் கீழே வைத்து
"இது உன்னுது" என்றான்.
என்னுடையதுதான்.
மூலை சரியாக எடுபடாதது.

வெள்ளிக்கிழமை நடக்க வருகிறவர்கள்
நாலாம் வளைவைக் குறுக்கே வெட்டுவார்கள்.
வேலமுள் வெட்டிப்போட்டு அடைத்தோம்.
மறுநாள் முள்
மரியாதையாக ஓரத்தில் ஒதுங்கியிருந்தது.
"வளைவு அலுப்பாக இருக்கிறது, அவர்கள்மேல் தப்பில்லை"
என்றாள் மௌசா.
இடித்து, பதினோரு மீட்டர் தள்ளி
ஓர் இலந்தை மரத்தைச் சுற்றிப் போட்டோம்.
அதன்பிறகு ஒருவரும் வெட்டவில்லை.
நிழலை யார் குறுக்கே தாண்டுவார்?

இரண்டு கம்பு ஊன்றி வந்த ஒருவர்
மூச்சு வாங்க நின்று, தமிழில், மனைவியிடம்:
"படிக்கட்டு மாதிரியே அமைஞ்சிருக்கு பாரு,
எல்லாம் இயற்கை."
நான் கடப்பாரையைப் பின்னால் மறைத்தேன்.
வெட்கமில்லை.
போனஸ் கவரைச் சட்டைக்குள் செருகுவதுபோல.

இருநூற்றுப் பதினாலாம் படி மட்டும் ஆடும்.
அரை நூல் ஆட்டம்.
சல்லி வைத்து இறுக்கப் பத்து நிமிஷம் போதும்.
இறுக்கவில்லை.
மௌசா அதில் கால் வைத்தாள்,
என்னைப் பார்த்தாள்,
நோட்டில் எதுவும் எழுதாமல் மேலே போனாள்.

விடியலில் கூடாரத்துக்குள் படுத்திருக்கும்போது
மேலிருந்து வரும்:
டொக்.
முதல் ஆள்.
டொக், டொக். ஜோடி.
கட்கா போர்வைக்குள்ளிருந்தே எண்ணிச் சொல்வான்.
அதிகபட்சம் ஒரு சனிக்கிழமை நூற்று ஆறு.

ஏப்ரலில் பாதையைப் பூட்டினார்கள்.
வெயிலைப் பூட்ட முடியாது,
அதனால் பாதையை.

நான் இப்போது ஜெபல் அலியில், குளிர்கிடங்கில்.
உள்ளே மைனஸ் பதினெட்டு, மீன்பெட்டி.
வெளியே நாற்பத்தெட்டு.
இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு,
கதவில் நான்.

மலையடிப் பலகையில்
அக்டோபர் வரை யாரும் நுழையக்கூடாதென்று
மூன்று மொழியில் எழுதியிருக்கிறது.
ஆடுகளுக்கு மூன்றும் தெரியாது.
இலந்தைப் பழத்துக்கு அந்தப் படி தாண்டித்தான் போக வேண்டும்.

அஜ்மானில் கார் கழுவும் கட்காவுக்கு
மத்தியானம் மெசேஜ் போட்டேன்:
ஆட்டுக்கு நாலு காலாச்சே,
ஒன்றா நாலா, எப்படிக் கணக்கு?

கையுறை மாட்டும்போது பதில் வந்தது.
"குட்டி உண்டா, பார்த்துச் சொல்."